காம்பிராவில் ஓர் இரவு, கூடாரத்தில் ஓர் இரவு: ஒஹியவிலிருந்து பம்பரகந்த வரை

பெப்ரவரி 22, 2024, வியாழன் இரவு, ஹட்டன்

நாளை நவம் பௌர்ணமி விடுமுறை என்பதால் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் சேர்ந்தாற்போல் கிடைத்திருக்கின்றன. நானும் என் தங்கையின் மகனும் ஒஹிய புகையிரத நிலையத்தில் இறங்கி, உடவேரிய தோட்டத்தினூடாக நடந்து, சாத்தானின் படிக்கட்டு என்று நடைப்பயணிகள் அழைக்கும் செங்குத்தான வளைவுப் பாதையில் இறங்கி, பம்பரகந்த நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டுக் களுப்பஹனவில் பிரதான வீதியை அடைவதென்று தீர்மானித்திருக்கிறோம். ஹோர்ட்டன் சமவெளியின் தென்புறம் சுவரைப்போலச் சரிந்து தாழ்நிலத்தில் போய் முடிகிறது. உலக முடிவு எனும் செங்குத்துப் பாறை விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கிறவர்களை மலைக்க வைக்கும் அதே சரிவின் கிழக்குத் தோளில்தான் இந்தப் பாதை மலையிடுக்குகளை ஒட்டியபடி இறங்குகிறது.

பாதையைப் பற்றி எங்களுக்குள் மாற்றுக் கருத்து இல்லை. இரவு எங்கே படுப்பது என்பதில்தான் ஒரு வாரமாக வழக்கு நடக்கிறது. மருமகனுக்கு இருபத்திரண்டு வயது. "மாமா, இவ்வளவு தூரம் நடந்து போயி கதவச் சாத்திக்கிட்டு உள்ள படுக்கிறதுக்கா போறோம்?" என்று கேட்டான். எனக்கோ மலைநாட்டுப் பனியில் நனைந்த துணியோடு இரவைக் கழித்த அனுபவம் இருக்கிறது. சரிவின் நடுவே கூரை கிடைக்குமென்றால் அதை விடக்கூடாது என்பது என் எண்ணம். ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்குள் வனசீவராசிகள் திணைக்களம் ஒதுக்கிய முகாமிடங்களில் முன்பதிவு செய்துதான் கூடாரம் அடிக்கலாம். எங்கள் பாதை பூங்காவின் எல்லைக்கு வெளியே செல்வதால், நிலத்துக்கு உரியவர்களின் அனுமதி கிடைத்தால் இரண்டுக்கும் வழி உண்டு.

விசாரித்ததில், உடவேரிய பக்கத்தில் ஒரு பழைய லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசைவீட்டின், இரண்டு காம்பிராக்களை (அறைகளை) திருத்தி, நடந்து வருகிறவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கும் குடும்பம் ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. தொலைபேசியில் பேசி வெள்ளிக்கிழமை இரவுக்கு ஒழுங்கு செய்துகொண்டேன். சனிக்கிழமை இரவு கூடாரம் என்று மருமகனோடு சமாதானமாயிற்று.

அம்மா மட்டும் சமாதானமாகவில்லை. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர் அவர். நானும் ஒன்பது வயது வரை அங்கேதான் வளர்ந்தேன். "காசு குடுத்து லயத்துலயா படுக்கப் போறீங்க? அதுல இருந்து வெளிய வர்றதுக்கு நானும் உங்கப்பாவும் எத்தன வருசம் பட்டோம்" என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார். அந்தக் கேள்வியைப் பையோடு சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு போகிறேன்.

பெப்ரவரி 23, வெள்ளி இரவு, உடவேரிய பக்கம்

விடுமுறைக் கூட்டத்தில் புகையிரதத்தில் கால் வைக்க இடமில்லை. நானுஓயா வரை நின்றபடி வந்தோம். பட்டிப்பொல இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம். அதைத் தாண்டியதும் ஒரு சுரங்கம் வருகிறது. சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மூடுபனியும் தூறலும், அந்தப் பக்கம் வெயில். இந்த மாற்றத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. 1774 மீட்டர் உயரத்திலுள்ள ஒஹிய நிலையத்தில் நாங்கள் இறங்கியபோது வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

அங்கிருந்து தோட்டத்து வீதியில் நடை. பெரும்பகுதி உடைந்த தார் வீதிதான். கொழுந்து லொறியும் ஆட்டோவும் வந்துபோகும் அளவுக்கு இருக்கிறது. ஆளுக்கொரு பை. கூடாரம் மட்டும் மூன்று கிலோ, உறங்கும் பைகளும் தரைவிரிப்புகளும் தனி. லயத்தில் மட்டும் தங்குவதென்றால் இவை எதுவுமே தேவையில்லை என்பதை முதல் ஏற்றத்திலேயே என் தோள் உணர்த்தியது. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ நடைபாதை 300 கிலோமீட்டருக்கு மேல் நீளமானது. அதை 22 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு நாளில் நடந்து முடிக்கும்படி அமைத்திருக்கிறார்கள். கூடாரம் சுமக்காமல், மாலையில் ஒரு கூரையை அடைந்துவிடலாம் என்ற கணக்கு அதில் இருக்கிறது. மலைநாட்டை அறிந்தவர்கள் போட்ட கணக்கு அது என்றே நினைக்கிறேன்.

ஐந்து மணியளவில் லயத்தை அடைந்தோம். வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் சுவர், தகரக்கூரை, காற்றில் தகரம் பறக்காமலிருக்க மேலே வரிசையாக ஏற்றி வைத்த கற்கள். காம்பிரா பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும். முன்னால் இஸ்தோப்பு எனும் திண்ணை. நான் வளர்ந்த காம்பிராவும் இதே அளவுதான். அதில் நாங்கள் ஏழு பேர் இருந்தோம். இங்கே இருவருக்கு ஒரு காம்பிரா, இரண்டு கட்டில்கள், சலவை செய்த விரிப்பு, சுவருக்கு இளநீல வர்ணம். பின்புறம் புதிதாகக் கட்டிய கழிப்பறையும் குளியலறையும் இருக்கின்றன. சுடுநீரை விறகடுப்பில் காய்ச்சி வாளியில் கொடுக்கிறார்கள். மூன்றாவது காம்பிராவில் அந்த வீட்டுக்காரர்களே குடியிருக்கிறார்கள். லயத்தின் மற்றக் காம்பிராக்களில் இன்றும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள்தான். அவர்களுக்கு இளநீல வர்ணம் இல்லை.

வீட்டுக்கார அக்கா முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்தெடுத்தவர். "வாங்க மாஸ்டர், கால நீட்டி உக்காருங்க" என்று இஸ்தோப்பில் பாயை விரித்துவிட்டு, இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தார். இரவுச் சாப்பாட்டுக்குச் சோறு, பருப்பு, முட்டைக்கோசு வறை, நெத்தலிக் குழம்பு, அப்பளம். காலைச் சாப்பாடும் சேர்த்து இருவருக்கும் 5000 ரூபாய் என்றார். இந்த 2024 பெப்ரவரியில் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 1000 ரூபாய். அதுவும் நிர்ணயித்த கிலோ கொழுந்தைப் பறித்துக் கொடுத்தால்தான் முழுதாகக் கைக்கு வரும். அவர் மலையில் ஐந்து நாள் நின்று பெற்றதை இந்த ஓர் இரவு அவருக்குத் தருகிறது. அம்மாவின் கேள்விக்கு இது முழு விடையாகாது. என்றாலும் விடையின் ஒரு பாதி இதுவாக இருக்கக்கூடும் என்று சாப்பிடும்போது தோன்றியது.

மறுபாதி என்னைத் தூங்கவிடவில்லை. காம்பிராக்களுக்கு இடையிலுள்ள சுவர் கூரை வரை எழுப்பப்படவில்லை. தகரத்துக்குக் கீழே இரண்டு முழ இடைவெளி திறந்தே கிடக்கிறது. வர்ணம் பூசியவர்கள் அதை அடைக்கவில்லை. அடைத்தால் புகை போக வழியிராது என்று அக்கா சொன்னார். அந்த இடைவெளி வழியாக அடுத்த காம்பிராவில் ஒரு கிழவர் இருமுவதும், யாரோ பிள்ளையைத் தட்டித் தூங்க வைப்பதும், அதற்கும் அப்பால் வானொலி ஒன்று அணைக்கப்படுவதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. சின்ன வயதில் இப்படித்தான் லயம் முழுவதும் ஒரே வீடாகத் தூங்கியது. யாருக்கும் தனியாக அழக்கூட இடம் இருந்ததில்லை. அம்மா எதிலிருந்து வெளியேறினார் என்பதை நாற்பத்தாறு வயதில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். மருமகன் எதையும் கேட்காமல் நன்றாகத் தூங்கினான். அவன் லயத்தில் வளராதவன்.

பெப்ரவரி 24, சனி, சரிவின் நடுவே

காலை ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்காவின் கணவர் வந்து எங்களோடு அமர்ந்தார். தோட்டத்தில் வாச்சராக, அதாவது காவலாளியாக, இருந்தவர். அன்றிரவு கூடாரம் அடிக்கப் போகிறோம் என்றதும், எங்கே என்று கேட்டார். ஓடை ஓரத்துப் புல்தரையைப் படத்தில் பார்த்து வைத்திருந்த மருமகன் அதைக் காட்டினான். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"தம்பி, பனிக் காலத்துல எந்தத் தேயில மொதல்ல கருகும் தெரியுமா? பள்ளத்துல நிக்கிறதுதான். மேட்டுத் தேயில பச்சையா நிக்கும்."

குளிர்ந்த காற்று பாரமானது. இரவில் அது சரிவு வழியாகத் தண்ணீரைப்போல வழிந்து பள்ளத்தில் தேங்கி நிற்கும். ஓடைக்கரை கண்ணுக்கு அழகு. இரவில் அந்தச் சரிவிலேயே அதிகமாகக் குளிர்வதும் அதுதான். மேட்டின் உச்சியில் அடித்தால் காற்று கூடாரத்தைப் பிடுங்கும். இரண்டுக்கும் நடுவில், சரிவின் தோளில், காற்றுக்கு மறைவாகப் பாறையோ மரவரிசையோ உள்ள திட்டைத் தேட வேண்டும் என்று சொல்லி, அப்படியான ஓரிடத்தின் அடையாளத்தையும் சொன்னார். யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதைச் சொல்லி, அவரே தொலைபேசியில் பேசியும் கொடுத்தார். லயத்தில் தங்கியிராவிட்டால் இந்தப் பாடம் எங்களுக்குக் கிடைத்திருக்காது. நேராக ஓடைக்கரைக்குத்தான் போயிருப்போம்.

தண்ணீரைப் பற்றியும் அவர் கண்டிப்பாக இருந்தார். தேயிலை மலைக்குக் கீழே ஓடும் ஓடைத் தண்ணீரில் உரமும் களைகொல்லியும் கலந்திருக்கும். காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து போகாது. ஆகவே லயத்துக்கு மேலே காட்டிலிருந்து வரும் தண்ணீர் விழும் பீலியில் ஆளுக்கு நான்கு லீட்டர் பிடித்துக்கொண்டோம். பை மறுபடியும் கனத்தது.

தேயிலை முடிந்து மானாப் புல் தொடங்கும் இடத்தில் நிலம் திடீரென்று கீழே போய்விடுகிறது. சாத்தானின் படிக்கட்டு என்ற பெயருக்கு விளக்கம் தேவையில்லை. ஒரு வளைவு, அடுத்த வளைவு, அதற்கடுத்தது என்று முழங்காலைச் சோதித்தபடி பாதை மடிந்து மடிந்து இறங்குகிறது. சரளைக் கல்லில் குதிகாலை ஊன்றினால் வழுக்கும். பாதம் முழுவதையும் பதித்துச் சிறு அடியாக வைக்க வேண்டும். வலப்பக்கம் மலையிடுக்கின் பாறைச் சுவர், இடப்பக்கம் வெறும் வானம். தெற்கே சமனலவெவ நீர்த்தேக்கம் ஒரு தகட்டைப்போல மின்னிக்கொண்டிருந்தது.

பிற்பகல் மூன்றரைக்குக் குறித்த திட்டை அடைந்தோம். பின்னால் யானை முதுகளவு பாறை, முன்னால் பள்ளத்தாக்கு, கீழே எங்கோ ஓடையின் சத்தம். எங்களுக்கு முன் வந்தவர்கள் மூன்று இடங்களில் தீமூட்டிய கரியும், ஒரு பை நிறைய நூடில்ஸ் உறையும், கண்ணாடிப் போத்தல்களும் விட்டுப் போயிருந்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையில் கோபம் வந்தது. மாசி மாத மானாப் புல் சருகாகக் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும், மலை முழுவதும் எரிந்து கீழேயுள்ள லயத்து வாசல் வரை தீ போகும். தீ மூட்டுவதில்லை என்று முன்பே முடிவெடுத்திருந்தோம். அவர்களின் குப்பையில் எங்களால் சுமக்க முடிந்ததை ஒரு சாக்கில் கட்டினோம்.

கூடாரத்தை விரித்தபோதுதான் வாடகைக்குக் கொடுத்த கடையில் பன்னிரண்டு முளைகளுக்குப் பதில் எட்டுத்தான் வைத்திருந்தார்கள் என்பது தெரிந்தது. வீட்டு முற்றத்திலேயே ஒருமுறை அடித்துப் பார்த்திருக்க வேண்டும். இதை வாசிக்கிறவர்கள் தயவுசெய்து அப்படிச் செய்யுங்கள். நான்கு மூலைக்கும் காற்று வரும் பக்கத்துக் கயிறுகளுக்கும் முளைகளைப் பயன்படுத்தி, மீதிக் கயிறுகளைத் தேங்காயளவு கற்களில் சுற்றி, அந்தக் கல்லின்மேல் இன்னொரு பெரிய கல்லை ஏற்றி வைத்தோம். முளை இறங்கும் இடத்தையும் பார்த்துத் தெரிய வேண்டும். வெறும் மண்ணில் இறக்கினால் இழுத்தவுடன் வந்துவிடுகிறது. மானாப் புல் தூரின் ஓரமாக, முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாயும்படி இறக்கினால் வேர்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. கல்லை ஏற்றிவிட்டு நிமிர்ந்தபோது, நேற்றுத் தகரக்கூரையில் பார்த்த கற்களின் நினைவு வந்தது. காற்று ஒன்றுதான், கல்லும் ஒன்றுதான்.

பெப்ரவரி 25, ஞாயிறு காலை, அதே இடம்

இரவை எழுதாமல் விட முடியாது. ஆறரை மணிக்கு இருட்டியது. சிறிது நேரத்தில் கிழக்கிலிருந்து பௌர்ணமி நிலவு எழும்பியது. பாறைச் சுவர் முழுவதும் மேலிருந்து கீழாக வெளுத்துக்கொண்டே வந்தது. தாழ்நிலத்தில் ஊர்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்பட்டன. மருமகன் ஒரு மணி நேரம் வாய் திறக்கவில்லை. நானும்தான். அந்த ஒரு மணி நேரம் எந்தக் கூரையின் கீழும் கிடைக்காது என்பதை இங்கே எழுதிக் கையொப்பமிடுகிறேன்.

பிறகு குளிர் வந்தது. குளிர் மேலிருந்து வருவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் உடம்பின் சூட்டை அதிகமாக உறிஞ்சுவது தரை. இரண்டு போர்வை கொண்டுபோவதைவிட ஒரு நல்ல தரைவிரிப்பு மேல். எங்கள் விரிப்பு மெல்லியதாக இருந்ததால், நள்ளிரவுக்குமேல் பைகளிலிருந்த துணிகளையெல்லாம் எடுத்து அடியில் பரப்பினோம். இரண்டு மணிக்குக் காற்று திசை மாறி மலையிடுக்கு வழியாக இறங்கத் தொடங்கியது. கூடாரத் துணி பாய்மரத்தைப்போல அடித்துக்கொண்டது. கற்கள் நகரவில்லை. கொஞ்சத் தூரத்தில் காட்டுப்பன்றிகள் மண்ணைக் கிளறும் சத்தம் கேட்டது. உணவை எல்லாம் மூடிய டப்பாவில் வைத்திருந்ததால் அவை எங்களைத் தேடி வரவில்லை.

விடிந்து கைவிளக்கை அடித்துப் பார்த்தால் உள்துணி முழுவதும் நீர்த்துளிகள். மழை இல்லை, பனி உள்ளே வரவும் இல்லை. எங்கள் இருவரின் மூச்சுத்தான் இரவு முழுவதும் குளிர்ந்த துணியில் பட்டு நீராகியிருந்தது. காற்றுக்குப் பயந்து வாசல் வலையையும் மூடியதால் வந்த வினை. மருமகன் விரலால் ஒரு கோடு இழுத்தான். அந்தக் கோட்டின் வழியாகத் துளிகள் சேர்ந்து ஓடி அவன் தலையணையில் விழுந்தன. ஈரத்தோடு மடித்த கூடாரம் முதல் நாளைவிடப் பாரமாகிவிட்டது.

"மாமா, ரெண்டாவது ராத்திரியும் இப்பிடின்னா நான் வரமாட்டேன். ஆனா இத விட்டிருந்தா கவலப்பட்டிருப்பேன்" என்றான். என் கருத்தும் அதுதான். இந்தப் பாதையில் ஒரு இரவு கூடாரத்துக்கு உரியது. அதுவும் உலர்ந்த மாதத்தில், நிலவுள்ள நாளில், நேற்றைய இடம்போன்ற ஓரிடத்தில் மட்டும். மற்ற இரவுகளை லயத்தில் தங்குங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் வருகிறவர்கள் கூடாரத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அட்டைகளுக்கு மட்டுமே அது கொண்டாட்டமாக இருக்கும்.

பெப்ரவரி 25, ஞாயிறு இரவு, ஹட்டன்

இன்றைய நடை எளிது. பைனஸ் மரங்களுக்கிடையே இறங்கிப் பம்பரகந்தவை அடைந்தோம். 263 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நாட்டின் மிக உயரமான நீர்வீழ்ச்சி, இந்த உலர்ந்த மாதத்தில் காற்றில் ஆடும் வெள்ளைத் துணியளவுதான் இருந்தது. அருகிலுள்ள முகாமிடங்களில் கூடாரங்கள் நெருக்கமாக நின்றன, ஒலிபெருக்கியும் பாடிக்கொண்டிருந்தது. அதிக நேரம் நிற்கவில்லை. களுப்பஹனவில் சாக்கிலிருந்த குப்பையை ஒப்படைத்துவிட்டுப் பஸ் ஏறி, அப்புத்தளை வழியாக ஊர் வந்து சேர்ந்தோம்.

அம்மா விழித்திருந்தார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். நிலவைப் பற்றி மருமகன் சொன்னதை ஒரு காதால் கேட்டுக்கொண்டார். லயத்தைப் பற்றி அவராகக் கேட்கமாட்டார் என்று நினைத்தேன். அக்காவுக்குக் கொடுத்த 5000 ரூபாயைச் சொன்னேன். யாருடைய கைக்குப் போகிறது, தோட்டத்துக்கா அந்தப் பொம்பளைக்கா என்று கேட்டார். அக்காவுக்குத்தான் என்றேன். சற்று நேரம் பேசாமலிருந்தார்.

"சொவரு கூர வரைக்கும் கட்டியிருந்துச்சா?"

இல்லை என்றேன்.

"பீலியில தண்ணி வருதா?"

வருகிறது, நாங்கள் எட்டு லீட்டர் பிடித்துக்கொண்டு போனோம் என்றேன்.

"தொங்கக் காம்பிராவா, நடுக் காம்பிராவா?"

லயத்தின் ஓரத்தில் இருப்பது தொங்கக் காம்பிரா. எங்களுடையது நடுக் காம்பிரா என்றேன். கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தவர், "ஏப்ரல் லீவுக்குப் போறதா இருந்தா தொங்கக் காம்பிராவக் கேளு, அங்கன்னா ஒரு பக்கமாவது சத்தம் இருக்காது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். நாளை காலை அக்காவுக்குத் தொலைபேசியில் பேச வேண்டும்.